போர்டு போச்சுன்னு சொல்றதுக்கு முந்தி



ரெண்டு வாரமா இங்கே எதுவும் எழுதலை. காட்டு வேலை அதிகம்னு நினைச்சிருப்பீங்க. வேலை எப்பவும் இருக்கறதுதான். லேப்டாப் படுத்துக்கிச்சு, அதான் காரணம். அந்தப் பத்து நாள்ல நடந்ததைச் சொல்லத்தான் இன்னைக்கு உக்காந்திருக்கேன். 450 ரூபாய்ல முடிஞ்ச சமாச்சாரத்துக்கு நான் ஒரு மாட்டையே விக்கப் போயிருந்தேன்.

எங்க வீட்டுல இருக்கறது பையன் பிளஸ் டூ படிச்சப்போ கவர்மெண்ட்ல குடுத்த லேப்டாப். 2011-ல ஆரம்பிச்ச திட்டம் அது. எங்களை மாதிரி தாராபுரம் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துல அந்தத் திட்டம் இல்லாம கம்ப்யூட்டர் வந்திருக்காது. பையன் வேலைக்குப் போனதும் அது பாப்பாவுக்கு வந்துச்சு. அவ இப்போ பி.எஸ்சி. கடைசி வருசம். பகல்ல அவ படிக்கறா, ராத்திரி நான் உங்களுக்கு எழுதறேன். என் மழைக் கணக்கும் அதுலதான் இருக்கு. 2013-ல இருந்து கட்டுத்தரைக்குப் பக்கத்துல ஒரு மழைமானி வெச்சு எத்தனை மில்லிமீட்டர்னு குறிச்சுட்டு வர்றேன். மொதல்ல நோட்டுல இருந்துச்சு, அப்புறம் பையன் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தான். 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுப் போனப்போ எந்த வாரத்துல எத்தனை தூத்தல் விழுந்துச்சுங்கறதுவரைக்கும் அதுல இருக்கு. நோட்டைக் கரையான் தின்னுடுச்சு.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் பாப்பா வந்து நின்னா.

"அப்பா, லேப்டாப் ஆன் ஆகமாட்டேங்குதுங்கப்பா. சார்ஜும் ஏறலைங்."

அடுத்த திங்கட்கிழமை அவ புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காலேஜ்ல குடுக்கணும். 60 பக்கத்துக்கு மேல அடிச்சு வெச்சிருக்கா. வேற எடத்துல காப்பி இருக்கான்னு கேட்டேன். பாதி போன்ல இருக்காம், மீதி இதுக்குள்ளதானாம். எனக்கு வந்துச்சு கோவம். "கட்டில்ல படுத்துக்கிட்டே வெச்சுப் பாத்தா அது எப்படித் தாங்கும்"னு சத்தம் போட்டேன். அவ எதையோ சொல்ல வந்தா. நான் விடலை. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வரும்.

மறுநா காலையில பால் ஊத்திட்டு நேரா டவுனுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் கடை. அங்க இருந்த தம்பி லேப்டாப்பை வாங்கினார், அவர்கிட்ட இருந்த ஒரு சார்ஜரைச் சொருகினார், பட்டனை அமுக்கினார். லைட் எரியலை. மூணு நிமிசம்கூட ஆகியிருக்காது.

"போர்டு போயிருச்சுங்கண்ணா. மாத்தறதுன்னா எட்டாயிரத்து ஐந்நூறு ஆகும். பழைய மாடல், போர்டு கிடைக்கறதும் கஷ்டம். இதுல காசு போடறதுக்குப் புதுசே எடுத்துக்கலாம். முப்பத்தெட்டுல நல்லது இருக்கு."

"உள்ள இருக்கற ஃபைலெல்லாம்?"

"போர்டே இல்லைங்களே அண்ணா."

பஸ்ல வரும்போது முப்பத்தெட்டாயிரத்துக்கு எங்க போறதுன்னே யோசனை. முருங்கைக்கு அந்த வாரம் வெலையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாட்டு யாவாரிக்குப் போன் போட்டேன். எங்க செவலை ரெண்டாம் ஈத்து, பால்ல இருக்கு. நாப்பதுக்குக் கொறையாம போகும். சனிக்கிழமை வந்து பாக்கறேன்னார்.

அன்னைக்கு ராத்திரி சோறு போடும்போது எங்க வீட்டுக்காரி கேட்டா.

"கன்னு போட்ட மாடு எந்திரிக்கலைன்னா எடுத்த எடுப்புல மாடு போச்சும்பீங்களா? தீனி எடுத்துச்சா, சாணி போட்டுச்சா, எப்போ படுத்துச்சுன்னு கேப்பீங்கதான? டாக்டர் வந்து சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டா எந்திரிச்சு நிக்கறதை நீங்களே பாத்ததில்லையா? அந்தப் பையன் என்னத்தைப் பாத்தான்?"

என்கிட்ட பதில் இல்லை. சோத்துல கை வெச்சபடியே உக்காந்திருந்தேன். ஏன்னா இதே தப்பை நான் ஒருதடவை பண்ணி ஏழாயிரம் ரூபாய் தண்டம் கட்டியிருக்கேன்.

அஞ்சாறு வருசம் இருக்கும். போர் மோட்டார் ஓடலை. மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு நானே முடிவு பண்ணி, வண்டி வெச்சு, ஆள் வெச்சு, நானூத்தம்பது அடிக் குழாயையும் கழட்டி மோட்டாரை மேல எடுத்தேன். காயில் கட்டறவர் பாத்துட்டுச் சிரிச்சார். மோட்டாருக்கு ஒண்ணுமே இல்லை. போர் வாய்க்குப் பக்கத்துல, மண்ணுக்கு மேலேயே, கேபிளை எலி கடிச்சிருந்துச்சு. ஒரு முழம் வயரும் கொஞ்சம் டேப்பும் போதும். அன்னைக்கு அவர் சொன்னது எனக்குப் பாடம்: "கரண்ட் எது வரைக்கும் வருதுன்னு வரிசையா பாத்துட்டே வாங்க. எங்க நிக்குதோ அங்கதான் கோளாறு. மோட்டாரைக் கடைசியாப் பாருங்க."

அதுக்கப்புறம் நான் அப்படித்தான் பாக்கறது. லைன்ல மூணு பேஸும் வருதா, பியூஸ் இருக்கா, ஸ்டார்ட்டருக்குள்ள பல்லி மாட்டியிருக்கா, கேபிள் சரியா இருக்கா, எல்லாம் பாத்துட்டு அப்புறம்தான் மோட்டார். மோட்டாருக்குத் தெரிஞ்ச புத்தி லேப்டாப்புக்கு ஏன் தெரியலை? அது படிச்சவங்க பொருளு, நமக்கு என்ன தெரியும்ங்கற பயம். கண்ணாடிக் கதவு போட்ட கடையில யார் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வர்ற பயம்.

சாப்பிட்டு முடிச்சதும் உக்காந்தோம். நான் டெஸ்டரை எடுத்துக்கிட்டேன், பாப்பா போன்ல பாத்துப் பாத்துச் சொன்னா. நாங்க பாத்த வரிசையைச் சொல்றேன், உங்க வீட்டுலயும் உதவும்.

மொதல்ல சுவர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாதீங்க, நேரா சுவத்து பிளக்ல சொருகுங்க. அதே பிளக்ல போன் சார்ஜ் ஏறுதான்னு பாத்தோம். ஏறுச்சு. சரி, சுவர் வரைக்கும் கரண்ட் இருக்கு.

ரெண்டாவது, செங்கல் மாதிரி இருக்குமே, அந்த அடாப்டர். சிலதுல சின்ன லைட் இருக்கும். சுவத்துல இருந்து அதுக்கு வர்ற வயர் தனியாக் கழண்டு வரும். அது போனா அந்த வயரை மட்டும் மாத்தினா போதும், சார்ஜரையே வாங்க வேண்டியதில்லை. எங்களுதுல லைட் எரிஞ்சுது. லேப்டாப்ல சொருகினப்பவும் எரிஞ்சுட்டே இருந்துது. இதையும் கவனிக்கணும். சொருகின உடனே அடாப்டர் லைட் அணைஞ்சா, லேப்டாப்புக்குள்ள எங்கயோ ஷார்ட்னு அர்த்தம். எங்களுக்கு அணையலை.

மூணாவது, பேட்டரி. எங்களுது பழைய மாடல், அடியில ரெண்டு தாப்பாளைத் தள்ளினா பேட்டரி கழண்டு வந்துரும். சார்ஜரைப் பிடுங்கிட்டு, பேட்டரியைக் கழட்டிட்டு, பவர் பட்டனை அரை நிமிசம் அமுக்கிப் பிடிச்சோம். உள்ள தங்கியிருக்கற கரண்ட் வடிஞ்சுரும். சில சமயம் இதுலயே மெசின் எந்திரிச்சுக்கும். அப்புறம் பேட்டரி இல்லாம சார்ஜரை மட்டும் சொருகி பட்டனை அமுக்கினோம். அப்படி ஓடுச்சுன்னா கோளாறு பேட்டரியில. எங்களுக்கு அதுலயும் ஓடலை.

நாலாவது, நெசமாவே ஆன் ஆகலையா, இல்லை திரை மட்டும் தெரியலையாங்கறது. காதை வெச்சுக் கேக்கணும். ஃபேன் ஓடற சத்தம் கேட்டா உள்ள உசிரு இருக்கு. அப்போ இருட்டுல திரைமேல டார்ச் அடிச்சுப் பாத்தா மங்கலா படம் தெரியலாம். தெரிஞ்சா திரைக்குப் பின்னாடி வெளிச்சம் குடுக்கறது மட்டும்தான் போயிருக்கு. எங்களுதுல சத்தமே இல்லை.

ஆக, அடாப்டர் வரைக்கும் கரண்ட் வருது, அதுக்கு மேல தெரியலை. அதுக்கு மேல பாக்கறதுக்கு என்கிட்ட மீட்டரும் இல்லை, கையும் இல்லை. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. கடைத் தம்பி இந்த வரிசையில எதையும் பாக்கலை. வேற சார்ஜர்லயும் எரியலைங்கற ஒண்ணை மட்டும் வெச்சுத் தீர்ப்புச் சொல்லிட்டார்.

வெள்ளிக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கிட்டு எங்க ரேடியோக்காரர்கிட்ட போனேன். இப்போ ரேடியோ யாரும் கொண்டு வர்றதில்லை, ஆனாலும் ஊருக்கு அவர் ரேடியோக்காரர்தான். டிவி, மிக்சி, ஸ்டார்ட்டர்ல போடற சின்ன போர்டு எல்லாம் பாப்பார். லேப்டாப் பாப்பாரான்னு சந்தேகத்தோடதான் போனேன்.

அவர் மெசினைத் தொடவே இல்லை. பாப்பாவைப் பாத்துக் கேட்டார்.

"ஏங் கண்ணு, போறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு?"

"ஒரு வாரமாவே சார்ஜ் விட்டு விட்டு ஏறுச்சுங்ணா. வயரை மேல தூக்கி வெச்சா ஏறும். அதனால வயருக்கு அடியில அழி ரப்பரை வெச்சுட்டு ஓட்டிட்டு இருந்தேனுங்."

அவர் என்னைப் பாத்தார். "அப்புறம் என்னங்க, வியாதியைப் புள்ளையே சொல்லிருச்சே."

புதன்கிழமை அவ சொல்ல வந்ததும் அதுதான். நான் சத்தம் போட்டு அடக்கிட்டேன். கடைத் தம்பியும் கேக்கலை. மூணு நாளா எங்க வீட்டுல யாருக்கும் தெரியாத கோளாறு, பாப்பாவோட பென்சில் டப்பாவுக்குள்ள கிடந்திருக்கு.

மீட்டரை எடுத்து சார்ஜர் முனையில வெச்சார். அடாப்டர்மேல 19 வோல்ட்னு எழுதியிருந்துது, மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டுச்சு. சார்ஜர் நல்லா இருக்கு. அப்புறம் அடி மூடியைத் திறந்தார். நாம சார்ஜர் பின்னைச் சொருகற ஓட்டை இருக்கே, அதை ஜாக்குங்கறாங்க. எங்க மெசின்ல அது போர்டுல ஒட்டியில்லை. ஒரு விரக்கடை நீள வயர்ல தனியாத் தொங்குது, அந்த வயர் முனை போர்டுல சொருகியிருக்கு. அந்த முனையில மீட்டரை வெச்சார். சைபர். ஜாக்கைக் கையால அழுத்திப் பிடிச்சார். 19 வந்துது. விட்டார், போயிருச்சு.

எந்தச் சார்ஜரைச் சொருகினாலும் எரியாததுக்குக் காரணம் இதுதான். சார்ஜரும் நல்லா இருக்கு, போர்டும் நல்லா இருக்கு, நடுவுல இருக்கற தொடுப்பு விட்டுருச்சு. பேட்டரி சுத்தமா வடிஞ்சு போனதால மொத்தமும் செத்த மாதிரி கிடந்திருக்கு. என் போர் கேபிள் கதையேதான்.

அந்த ஜாக் வயரை ஈரோட்டுல இருந்து வரவழைச்சு சனிக்கிழமை மத்தியானம் மாட்டினார். ஆரஞ்சு லைட் எரிஞ்சுது. அரை மணி நேரம் அப்படியே விட்டுட்டுப் பட்டனை அமுக்கச் சொன்னார். பாப்பாதான் அமுக்கினா. புராஜெக்ட் இருந்துச்சு, என் மழைக் கணக்கும் இருந்துச்சு.

கடையில இருந்தபடியே மாட்டு யாவாரிக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொன்னேன்.

"எவ்வளவுங்க?"

"வயருக்கு நூத்தம்பது. பாத்ததுக்கு முந்நூறு."

உண்மையைச் சொல்றேன், என் வாயில என்ன வந்துச்சுன்னா, 'வயரே நூத்தம்பதுதான், அதுக்கு எதுக்குங்க முந்நூறு?' சொல்லியிருப்பேன். செவலை ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன்.

நான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான். அந்தக் கடைத் தம்பியைத் திட்டறதுக்காக எழுதலை. அவர் பக்கமும் யோசிச்சுப் பாத்தேன். ஒரு மணி நேரம் உக்காந்து கோளாறைத் தேடி, நூத்தம்பது ரூபாய் வயர்தான்னு சொன்னா நாம அவருக்கு என்ன குடுப்போம்? இருநூறு நீட்டுவோம், அதுலயும் அம்பது கொறைக்கச் சொல்லுவோம். 'பாக்கறதுக்குக் காசா'ன்னு சண்டைக்குப் போறது நாமதான். பொருளுக்குக் காசு குடுக்கறோம், புத்திக்குக் குடுக்கறதில்லை. அப்போ அவர் பொருளைத்தான விப்பார்? போர்டு போச்சுன்னு சொன்னா அவருக்கு லாபம், தேடிக் கண்டுபிடிச்சா நஷ்டம். இப்படி ஒரு கணக்கை நாமளே போட்டு வெச்சுட்டு, அப்புறம் ஏமாத்தறாங்கன்னா எப்படி?

கம்பெனிக்காரங்க கதை வேற. பல கம்பெனிங்க உதிரி பாகம் வெளியில குடுக்கறதில்லை, உள்ள எது எங்க இருக்குன்னு படமும் குடுக்கறதில்லை. டிராக்டர்ல சென்சார் வெச்ச நாள்ல இருந்து எங்க ஊர் மெக்கானிக்கும் இதே பாட்டைத்தான் பாடறார். ரிப்பேர் பண்ற உரிமைக்காக 2022 ஜூலையில மத்திய அரசு ஒரு குழு போட்டுச்சு. அந்தக் குழு எடுத்துக்கிட்டது நாலு துறை: விவசாயக் கருவி, மொபைலும் எலக்ட்ரானிக்ஸும், வீட்டு உபயோகப் பொருள், வண்டி வாகனம். என் டிராக்டரும் உங்க லேப்டாப்பும் ஒரே பட்டியல்ல இருக்கறதைப் பாத்தீங்களா? அந்த வருசம் டிசம்பர்ல அதுக்குன்னு ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. பிரான்ஸ்ல 2021 ஜனவரியில இருந்து லேப்டாப் விக்கும்போதே, ரிப்பேர் பண்ண எவ்வளவு சுலபம்னு பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டுத்தான் விக்கணும். நம்ம ஊர் கடையிலயும் விலைக்குப் பக்கத்துல அந்த மார்க் இருந்தா, எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேரு அதைப் பாத்துத்தான் வாங்குவாங்க. ஆனா எந்தச் சட்டம் வந்தாலும், தேடிப் பாக்கற ஆளுக்கு நாம காசு குடுக்கலைன்னா ரிப்பேர் பண்ண ஊர்ல ஆள் இருக்க மாட்டாங்க. எங்க ரேடியோக்காரரோட பையன் கடைக்கு வர்றதில்லை. திருப்பூர் கம்பெனியில வேலைக்குப் போறான்.

எல்லாத்தையும் நாமளே திறந்து பாக்கலாம்னு சொல்லலை. பேட்டரி உப்பியிருந்தா தொடாதீங்க. லேப்டாப் தரையில ஆடும், அல்லது விரலால தேய்க்கற பட்டை மேல தூக்கிட்டு நிக்கும், அதுதான் அடையாளம். அதை அமுக்கறது, குத்தறது, சார்ஜ் போடறது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலயும் போடக் கூடாது. தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடுங்க. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு சார்ஜர் வாங்கினா, பின் பொருந்துதுன்னு சொருகிறாதீங்க. மேல எழுதியிருக்கற வோல்ட் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். நம்ம மோட்டாருக்குப் பாக்கற அதே கணக்குத்தான்.

இன்னொண்ணு. நெசமாவே போர்டு போனாலும் உள்ள இருக்கறது போயிறாது. எங்களுது மாதிரி மெசின்ல ஹார்ட் டிஸ்க் தனி. நாலு திருகைக் கழட்டினா கையோட வந்துரும். அதை ஒரு சின்னப் பொட்டியில போட்டு வேற கம்ப்யூட்டர்ல சொருகிப் பாக்கலாம்னு ரேடியோக்காரர் காட்டினார். இப்போ வர்ற மெல்லிசு மாடல் சிலதுல அதையும் போர்டோட சேத்து ஒட்டிடறாங்களாம். வாங்கும்போதே கேட்டுக்குங்க. "போர்டே இல்லைங்களே அண்ணா"ன்னு அந்தத் தம்பி சொன்ன ஒரு வார்த்தையில பத்து வருச மழை போச்சுன்னு நான் நம்பிட்டேன். இப்போ மழைக் கணக்கு மூணு எடத்துல இருக்கு. லேப்டாப்ல ஒண்ணு, பையன்கிட்ட ஒண்ணு, பிரிண்ட் போட்டு பீரோவுல ஒண்ணு.

நகரத்துல இருக்கற உங்களுக்கு முப்பத்தெட்டாயிரம் மாசத் தவணையில கழியும். மாடு விக்க வேண்டியிருக்காது. ஆனாலும் அடுத்த தடவை யாராவது 'போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க'ன்னு சொன்னா, ஒரு கேள்வி கேளுங்க. "கரண்ட் எது வரைக்கும் வருதுன்னு பாத்தீங்களா?" பாத்துச் சொல்றதுக்கு என்ன காசுன்னு அதோட சேத்துக் கேளுங்க. கேட்ட காசைக் கொறைக்காமக் குடுங்க.

பாப்பா திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் குடுத்துட்டு வந்தா. நான் இதை எழுதிட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு படிச்சுட்டு, "நீங்க சத்தம் போட்டதையும் எழுதுங்கப்பா"ன்னா. எழுதிட்டேன் சாமி.

செவலை கத்துது, தண்ணி காட்டணும். முருங்கை வெலை பத்தி அடுத்த வாரம் எழுதறேன்.